மருந்திட்ட தீனா, சாதாரண தீனா? 40 ஒருநாள் குஞ்சுகளுக்கு எதை வாங்குவது?

மருதநிலத்தாள் (கொக்கட்டிச்சோலை)

வணக்கம். எங்கள் வளவில் ஐந்தாறு ஊர்க்கோழிகள் எப்போதும் நிற்கும். அவை தாமாகவே அடைகிடந்து, தாமாகவே குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிந்து வளர்த்துவிடுவதால், குஞ்சுத் தீன் என்ற ஒன்றைப் பற்றி இதுவரை நான் யோசித்ததே இல்லை; குறுணலும் தேங்காய்ப்பூவும் போதுமாக இருந்தன. இப்போது முதன்முறையாக, முட்டை விற்கும் எண்ணத்தோடு, 40 ஒருநாள் குஞ்சுகளுக்கு முற்பணம் கட்டியிருக்கிறேன். அடுத்த கிழமை வந்துவிடும்.

ஸ்டார்ட்டர் எனப்படும், குஞ்சுகளுக்கான முதற்கட்டத் தீன் கேட்டுக் கடைக்குப் போனபோது, "மருந்து போட்டதா, போடாததா?" என்று கடைக்காரர் கேட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். "போட்டதைத் தின்றால் குஞ்சு சாகாது" என்றார். அந்தப் பதில் எனக்குத் திருப்தி தராததால் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். அந்த மருந்து எந்த நோய்க்கானது, என்ன செய்கிறது, பின்னர் முட்டையில் வருமா, செலவைக் குறைக்கக் குறுணல் கலந்து கொடுக்கலாமா என்பவற்றை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குஞ்சுகளை வைக்கப்போவது குசினிக்குப் பின்னால் இருக்கும் பழைய விறகுக் கொட்டிலில். சீமெந்துத் தரை, அதன்மேல் உமி பரப்பியிருக்கிறேன். மழை தொடங்கிவிட்டதால் ஒரு பக்கம் தூவானம் அடிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உமிக்கூளம் (செங்கலடி)

வணக்கம் தங்கச்சி. நீங்கள் கடைசியாகச் சொன்ன தூவானத்தைத்தான் நான் முதலாவதாக எடுப்பேன். அது இல்லையென்றால் உங்கள் கேள்விக்கு வேறு விடை சொல்லியிருப்பேன்.

அந்த மருந்து ஒரே ஒரு நோய்க்கானது. நாங்கள் இரத்தக் கழிச்சல் என்று சொல்லும் கொக்சிடியோசிஸ்தான் அது. ரணிகட், கம்பரோ என்ற வைரசு நோய்களுக்கோ, அம்மைக்கோ, சளிக்கோ அந்தத் தீனால் எந்தப் பயனும் இல்லை. அவற்றுள் தடுப்பூசி உள்ளவற்றுக்குத் தடுப்பூசிதான் போட வேண்டும். "தின்றால் சாகாது" என்று கேட்டுவிட்டு ரணிகட் சொட்டு விடாமல் இருந்து, கூடு வெறுமையானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், உமி சலசலவென்று காய்ந்திருக்கும்போது, சாதாரண தீன் மட்டும் கொடுத்து மூன்று தொகுதிக் குஞ்சுகளை எவ்விதக் குறையுமின்றி வளர்த்திருக்கிறேன். அதே கொட்டிலில், அதே கையால், கார்த்திகையில் அப்படிச் செய்ய எனக்குத் துணிவில்லை. தாயில்லாத குஞ்சு, தரையில் வளர்ப்பு, மாரிகாலம் என்ற மூன்றும் சேரும்போது முதல் எட்டுக் கிழமைக்கு மருந்திட்ட தீனையே வாங்குங்கள் என்பது என் கருத்து. அதற்கு முன்பு தூவானம் அடிக்கும் பக்கத்துக்குப் படங்கு கட்டுங்கள்.

வெள்ளடியான் (திருக்கோவில்)

இங்கே எல்லோரும் மருந்திலிருந்தே தொடங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் பெத்தா, அதாவது பாட்டி, நூற்றுக்கணக்கான கோழிகளை வளர்த்தவர். தீன் சாக்கு ஒன்றை அவர் கையால் தொட்டதில்லை. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர், உரலில் இடித்த குறுணல், இவ்வளவுதான். குஞ்சுகள் செத்திருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை; ஆனால் தப்பியவை இரும்பு போல நின்றன. பிறந்த நாளிலிருந்து மருந்து தின்று வளரும் கோழிக்கு எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? மனிதருக்குக் கொடுக்கும் கிருமிக்கொல்லி மருந்தையே கோழிக்கும் கலந்து கொடுத்து, பின்னர் அது எங்களுக்கும் வேலை செய்யாமல் போகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கும் காலத்தில், முட்டைக்காக வளர்க்கும் ஒருவர் எதற்காக இதற்குள் போக வேண்டும்? கொட்டிலைச் சுத்தமாக வைத்திருங்கள், போதும்.

ஓய்வூதியன் (மட்டக்களப்பு)

கால்நடைத் துறையில் பல ஆண்டுகள் வெளிக்களப் பணி செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று நீளமாக எழுத அனுமதியுங்கள். வெள்ளடியான் தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்குக் கிடைக்கும் விடைதான் அவர் எதிர்பார்க்காதது.

இரத்தக் கழிச்சலை உண்டாக்குவது பற்றீரியாவும் அல்ல, வைரசும் அல்ல. ஐமீரியா என்ற ஒருகல ஒட்டுண்ணி. கோழியைத் தாக்கும் ஐமீரியாவில் பல இனங்கள் உண்டு. குடலின் முடிவில் இருக்கும் இரண்டு குருட்டுக் குடல்களையும் இரத்தத்தால் நிரப்பிக் குஞ்சைக் கொல்வது ஐமீரியா டெனெல்லா என்ற இனம். எச்சத்தோடு வெளியேறும் இதன் முட்டைக்கூடு வெளியே வந்தவுடன் நோயை உண்டாக்கும் நிலையில் இருப்பதில்லை. அதற்குச் சூடும், ஈரமும், காற்றும் வேண்டும். எங்கள் காலநிலையில், ஈரமான உமிக்குள், ஒன்று அல்லது இரண்டு நாட்களில் அது பழுத்துவிடும். அதன்பின் ஒரு குஞ்சு அதைக் கொத்தினால், குடலுக்குள் பெருகி, ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் பல்லாயிரமாக வெளியேறும். அதனால்தான் முதல் இரண்டு கிழமை எல்லாம் அழகாக இருந்து, மூன்றாம் கிழமைக்கும் ஆறாம் கிழமைக்கும் இடையில் திடீரென்று விழுகின்றன. சோப்பும், ப்ளீச்சும், கடையில் விற்கும் பெரும்பாலான கிருமிநாசினிகளும் அந்தக் கூட்டை ஒன்றும் செய்வதில்லை. கடும் வெயிலில் காய்வதும் கொதிக்கும் சூடும்தான் அதற்குப் பகை. ஆகவே "சுத்தமாக வைத்திருங்கள்" என்பதைவிட "காய்ந்ததாக வைத்திருங்கள்" என்பதே பொருத்தமான அறிவுரை. பளபளவென்று கழுவிய ஈரத் தரையைவிட, பழைய காய்ந்த உமி பாதுகாப்பானது.

இனி எதிர்ப்புச் சக்தி. குஞ்சு இந்த ஒட்டுண்ணியைச் சிறிது சிறிதாக உட்கொண்டு, குடல் அதை அறிந்துகொண்ட பின்பே எதிர்ப்பு வரும். அதுவும் இனத்துக்கு இனம் தனித்தனியாக வர வேண்டும். பெத்தாவின் கோழி செய்தது இதைத்தான். தாய்க்கோழி இன்று கிணற்றடியில், நாளை வேலியோரத்தில், மறுநாள் மாட்டுப்பட்டியில் என்று குஞ்சுகளைக் கூட்டித் திரிந்ததால், ஒவ்வொரு நாளும் ஓரிரண்டைத்தான் அவை விழுங்கின. 40 குஞ்சுகளை ஒரு கொட்டிலுக்குள் அடைத்து, அதே உமியில் தின்னவும் எச்சமிடவும் விடும்போது அந்தச் "சிறிது சிறிதாக" என்பது இல்லாமல் போகிறது. மருந்து அந்த இடைவெளியை நிரப்புகிறது. இந்தத் தீன்களில் கலக்கும் மருந்துகளில் ஒன்று அம்புரோலியம். தடுப்பளவில் கொடுக்கும்போது அது ஒட்டுண்ணியை முற்றாக அழிப்பதில்லை. அதன் பெருக்கத்தை அடக்கிவைக்கிறது, அதற்குள் குஞ்சு தன் எதிர்ப்பைத் தேடிக்கொள்கிறது. தம்பி பயப்படுவது போல மருந்து எதிர்ப்பைத் தின்றுவிடுவதில்லை.

அம்புரோலியம் மனிதருக்குக் கொடுக்கும் கிருமிக்கொல்லி வகையைச் சேர்ந்ததும் அல்ல. அது விற்றமின் பி1 ஆகிய தயமினைப் போன்ற உருவம் கொண்டது. ஒட்டுண்ணி தயமின் என்று நம்பி அதை எடுத்து ஏமாந்துபோகிறது. 1960களின் தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் இருக்கும் மருந்து இது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல், வளர்ச்சிக்காகத் தீனில் கிருமிக்கொல்லி கலப்பதைத் தடை செய்தபோதுகூட, கொக்சிடியோசிசுக்கு எதிரான தீன் மருந்துகளை அந்தத் தடைக்குள் கொண்டுவரவில்லை. வளர்ச்சிக்காகக் கிருமிக்கொல்லி கலந்த தீன் வேறு விடயம். அதில் நானும் தம்பியின் பக்கமே.

குறுணல் கலப்பது பற்றி. குஞ்சுத் தீனில் அம்புரோலியத்தின் வழக்கமான தடுப்பளவு ஒரு கிலோவுக்கு 125 மில்லிகிராம். சரிபாதி குறுணல் கலந்தால் 62 ஆகிவிடும். மருந்து மட்டுமல்ல, புரதமும் இறங்கும்: ஸ்டார்ட்டரில் 20 சதவீதம், குறுணலில் 8 சதவீதம் என்று வைத்தால் கலவையில் 14தான் நிற்கும். காசு கொடுத்து மருந்திட்ட தீன் வாங்கி, அதன் இரண்டு பயன்களையும் வீட்டில் வைத்துக் கரைப்பதற்குச் சமம் அது.

முட்டை பற்றிய பயம் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. ஸ்டார்ட்டர் எட்டாம் கிழமையோடு முடிகிறது. உங்கள் குஞ்சுகள் முட்டையிட 18 முதல் 20 கிழமையாவது செல்லும். ஆனால் வளவில் முட்டையிடும் ஊர்க்கோழிகள் கொட்டிலுக்குள் புகுந்து அதே தீனைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா மருந்தும் அம்புரோலியம் போல் சாது அல்ல.

நிந்தவூர் நாநா (நிந்தவூர்)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஓய்வூதியன் ஐயாவின் கடைசி வசனத்தில் தொடங்குகிறேன். பத்து வருடங்களுக்கு மேல் தீன் கடையில் நின்றவன் நான். "மருந்து போட்டது" என்று நாங்கள் ஒரே வார்த்தையில் சொல்லி விற்பதற்குள் குறைந்தது இரண்டு வேறுபட்ட சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, ஐயா விளக்கிய அம்புரோலியம். மற்றது மொனென்சின், சலினோமைசின், மதுராமைசின் என்ற பெயர்களில் வருவது. இவற்றை அயனோபோர் என்பார்கள். புரொயிலர், அதாவது இறைச்சிக் கோழி, தீன்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைக் காணலாம். கோழிக்குஞ்சுக்குச் சரியான அளவில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அளவு சற்றுக் கூடினாலும் நஞ்சு, வேறு பிராணிகளின் வாயில் போனாலும் நஞ்சு. குதிரைக்குச் சிறிதளவே உயிரைப் பறித்துவிடும். நிந்தவூரில் குதிரைக்கு எங்கே போவது என்று நீங்கள் சிரிக்கலாம்; ஆனால் வான்கோழியும் கினிக்கோழியும் எங்கள் பக்கத்தில் இருக்கின்றனவே.

ஆகையால் சகோதரி, கடைக்காரரின் சொல்லை விட்டுவிட்டு, சாக்கின் வாயில் நூலோடு சேர்த்துத் தைத்திருக்கும் துண்டைப் படியுங்கள். மருந்தின் பெயர், அளவு, எந்த வயதுக் கோழிக்கு, அறுப்பதற்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும், தயாரித்த திகதி எல்லாம் அதில்தான் இருக்கும். கால்நடைத் தீனுக்கென்று 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஒன்றே இந்த நாட்டில் இருக்கிறது. துண்டில்லாத சாக்கை வாங்க வேண்டாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர்களில் பாதிப் பேர் தீன் வாங்குவது கிலோக் கணக்கில், ஷொப்பிங் பையில். வாயைத் திறந்து வைத்த சாக்கிலிருந்து அள்ளும் அந்தத் தீன் மருந்திட்டதா, இல்லையா, எத்தனை மாதம் பழையது, மாரிக் காற்றில் பூஞ்சணம் பிடித்ததா என்பது கடைக்காரருக்கே மறந்துபோயிருக்கும். நானும் அப்படி விற்றவன்தான். 40 குஞ்சுகளுக்கு 25 கிலோ சாக்கு ஒன்று வீணாகாது. முட்டையினக் குஞ்சு ஒன்று எட்டுக் கிழமைக்குள் ஒன்றரைக் கிலோவுக்குமேல் தின்றுவிடும். எனவே தைத்த சாக்காகவே வாங்குங்கள்.

வான்கோழிப்பட்டி (வாழைச்சேனை)

நாநா வான்கோழி என்று எழுதியதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. சென்ற வருடம், சொந்த ஊர்க் கடையொன்றில் வான்கோழிக் குஞ்சுக்குத் தீன் கேட்டேன், அளந்து தந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் 11 குஞ்சுகளில் 4 கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு, எழும்ப முடியாமல், நெஞ்சால் தரையில் கிடந்தன. வயிற்றோட்டமில்லை, சளியில்லை, கண் தெளிவாக இருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. காலை மட்டும் அசைக்க முடியவில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் முதலில் கேட்டது தீன் சாக்கைத்தான். திரும்பிப் போய்ப் பார்த்தேன்: சலினோமைசின் கலந்த புரொயிலர் ஸ்டார்ட்டர். தீனை உடனே மாற்றியதால் 5 மிஞ்சின. மருந்து கெட்டது என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வளவுக் கோழிக்குஞ்சுகள் அதே சாக்கைத் தின்று கொழுத்து நின்றன.

வெள்ளடியான் (திருக்கோவில்)

ஓய்வூதியன் ஐயா எழுதியதில் தாய்க்கோழி பற்றிய பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். பெத்தாவின் வெற்றி வேப்பிலையால் வந்ததல்ல, இடம் மாறி மேய்ந்ததால் வந்தது என்று இப்போது விளங்குகிறது. ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. அப்படியானால் 40 குஞ்சுகளை ஏன் ஒரே கொட்டிலில் அடைக்க வேண்டும்? அடைகிடக்கும் நான்கு ஊர்க்கோழிகளின் கீழ் இரவில் பத்துப் பத்தாக விட்டு வளர்த்தால் மருந்தே தேவைப்படாதே.

உமிக்கூளம் (செங்கலடி)

தம்பி, நான்கு பேடுகள் ஒரே நேரத்தில் அடைகிடக்க வேண்டும், அவை அந்நியக் குஞ்சைக் கொத்தாமல் ஏற்க வேண்டும், ஒரு பருந்தும் ஒரு கீரியும் அந்த மாதம் விரதம் இருக்க வேண்டும். பத்துக் குஞ்சு என்றால் நானும் உங்கள் வழியையே சொல்வேன். உண்மையில் தாயோடு திரியும் குஞ்சுக்கு மருந்திட்ட தீன் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. 40 என்றால் கணக்கு வேறு.

மருதநிலத்தாளுக்கு இன்னொன்று சொல்ல மறந்தேன். குஞ்சு தரும் இடத்தில், இரத்தக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து ஏற்கனவே கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அது உயிருள்ள ஒட்டுண்ணியைச் சிறிதளவு கொடுத்துப் பழக்கும் முறை. அப்படிக் கொடுத்த குஞ்சுக்கு மருந்திட்ட தீன் போட்டால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்ததாகிவிடும். மரெக்ஸ் (அதுவும் ஒரு வைரசு நோய்), ரணிகட், கம்பரோ தடுப்பு மருந்துகளுக்கும் இந்தத் தீனுக்கும் அப்படியான பிணக்கு எதுவும் இல்லை.

மருதநிலத்தாள் (கொக்கட்டிச்சோலை)

எல்லோருக்கும் நன்றி. குஞ்சுகள் வந்துவிட்டன. கேட்டுப் பார்த்ததில் மரெக்ஸ் தடுப்பு மட்டுமே போட்டிருக்கிறார்கள். நாநா சொன்னபடி துண்டைப் படிக்கப் போனேன். முதல் நாள் கடைக்காரர் எனக்குத் தரவிருந்தது புரொயிலர் ஸ்டார்ட்டர், உள்ளே சலினோமைசின். வேறு கடையில் முட்டையினக் குஞ்சுக்கான ஸ்டார்ட்டர் கிடைத்தது: அம்புரோலியம், தைத்த சாக்கு, தயாரித்து மூன்று கிழமை. ஊர்க்கோழிகள் புகாதபடி கொட்டிலுக்கு வலைக் கதவும் போட்டாயிற்று. இன்று மின்குமிழின் கீழ் வட்டமாகப் பரவிப் படுத்திருக்கின்றன. நெருங்கிக் குவியவும் இல்லை, தூர விலகவும் இல்லை. சூடு சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

மருதநிலத்தாள் (கொக்கட்டிச்சோலை)

மீண்டும் நான்தான், அவசரம். இன்று 24ஆம் நாள். நேற்று மாலை ஐந்தாறு குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒதுங்கி நின்றன. சந்தேகத்தில் இரவு மின்குமிழின் கீழ் பழைய பத்திரிகைத் தாள் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் மூன்று இடங்களில் எச்சத்தோடு இரத்தம், வெற்றிலை துப்பியது போல. ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மருந்திட்ட தீன்தானே கொடுத்தேன்? பலவீனமாக நிற்பதால் தண்ணீரில் விற்றமின் தூள் கலந்து வைத்திருக்கிறேன். பாமசியில் அம்புரோலியம் 20 சதவீதத் தூள் இருக்கிறது. அதையும் அந்தத் தண்ணீரிலேயே போடலாமா?

ஓய்வூதியன் (மட்டக்களப்பு)

முதலில் விற்றமின் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அந்தத் தூளில் பி1 இருந்தால், ஒட்டுண்ணி ஏமாறுவதற்குப் பதிலாக உண்மையான உணவே அதற்குக் கிடைக்கும். மருந்து அடிபட்டுப் போகும். விற்றமின் கொடுப்பதென்றால் மருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.

நோய் வந்த குஞ்சு தீன் தின்பதைக் குறைத்துவிடும், ஆனால் தண்ணீர் குடிக்கும். ஆகவே இனி மருந்து தண்ணீரில்தான். கடுமையான தாக்கத்துக்குத் தண்ணீரில் 0.024 சதவீதம் என்ற அளவில் 3 முதல் 5 நாள். 20 சதவீதத் தூள் என்றால் ஒரு லீற்றருக்கு 1.2 கிராம். அதன்பின் 0.006 சதவீதம், அதாவது லீற்றருக்கு 0.3 கிராம், ஒன்று முதல் இரண்டு கிழமை. பொட்டலத்தில் வேறு அளவு எழுதியிருந்தாலோ, வைத்தியர் வேறு அளவு சொன்னாலோ அதையே பின்பற்றுங்கள். தினமும் புதிதாகக் கரையுங்கள். வேறு தண்ணீர் வைக்க வேண்டாம். நல்லது என்று நினைத்து நாட்களை நீட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். பி1 குறைந்து, குஞ்சு கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்து வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

செத்த குஞ்சைப் புதைக்காமல், பையில் சுற்றி, இன்று காலையே உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். குருட்டுக் குடலை வெட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எச்சத்தில் காணும் சிவப்பு எல்லாம் இதுவல்ல. குடற்சவ்வு கழன்று இளஞ்சிவப்பாக விழுவது நல்ல குஞ்சிலும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் சிலிர்ப்பும் சாவும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகம் குறைவு.

ஒரு கேள்வி: குறுணல் கலந்தீர்களா?

மருதநிலத்தாள் (கொக்கட்டிச்சோலை)

கலந்தேன் ஐயா. மூன்றாம் கிழமை தொடங்கும்போது தீன் சாக்கு வேகமாக இறங்குவதைக் கண்டு, சரிபாதி கலந்தேன். நீங்கள் முன்கூட்டியே எழுதியிருந்தும் செய்தேன்.

இன்று வைத்திய அலுவலகத்தில் குஞ்சை என் கண்முன்னே அறுத்துக் காட்டினார்கள். சுண்டுவிரல் அளவில் இரண்டு குழாய்கள், கறுத்துத் தடித்து, உள்ளே உறைந்த இரத்தம். ஒட்டுண்ணிதான் என்று உறுதியாகச் சொன்னார்கள்; அம்புரோலிய அளவும் நீங்கள் எழுதியதே. வீட்டுக்கு வந்து கொட்டிலைப் பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. படங்கு கட்டியிருந்தேன், ஆனால் வாடைக்காற்று திசை மாறி அடித்ததில் கீழ்விளிம்பால் தண்ணீர் ஒழுகி, தண்ணீர்ப் பாத்திரம் வைத்த மூலை முழுவதும் ஊறியிருந்தது. அந்த உமியைக் கையில் பிடித்து அழுத்தினேன். கொழுக்கட்டை போல உருண்டையாக நின்றது, உதிரவே இல்லை.

உமிக்கூளம் (செங்கலடி)

அழுத்திப் பிடித்துக் கையைத் திறந்தால் மெல்லப் பிளந்து உதிர வேண்டும். அதுதான் சரியான பதம். உருண்டையாக நிற்கும் பகுதியை முழுவதும் மண்வெட்டியால் அள்ளி, கோழி திரியாத தூர இடத்தில் குவியுங்கள். தரை காய்ந்த பின் மூன்று அங்குலம் புது உமி போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை இரண்டு செங்கல் மேல் வையுங்கள். சுற்றிச் சிந்துவது பாதியாகக் குறையும். மிச்ச உமியைத் தினமும் காலையில் ஒரு தடவை கிளறிவிடுங்கள்.

மனம் உடைய வேண்டாம் தங்கச்சி. நான் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தவன். 120 குஞ்சுகளை மருந்திட்ட தீனில் ஐந்து கிழமை அருமையாக வளர்த்துவிட்டு, ஒரே நாளில் சாதாரண தீனுக்கும் மாற்றி, பழைய கோழிகள் நின்ற வெளிக்கொட்டிலுக்கும் மாற்றினேன். காய்ந்த உமியில் வளர்ந்த அந்தக் குஞ்சுகள் ஒட்டுண்ணியை அதிகம் கண்டிராதவை. மருந்தும் நின்று, பழைய கோழியின் எச்சமும் ஒரேயடியாக வாய்க்குள் போனது. பத்தாம் நாளைக்குள் 31 குஞ்சுகளைப் புதைத்தேன். தீனைக் குறை சொல்ல எனக்கு வழியிருக்கவில்லை.

நிந்தவூர் நாநா (நிந்தவூர்)

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் சகோதரி, அதற்குரிய காலம் பின்னால் வரும். எட்டுக் கிழமைக்குப் பிறகு கொடுக்கும், வளரும் கோழிக்கான க்ரோவர் தீனுக்கு 15, 16 சதவீதப் புரதம் போதுமாக இருக்கும். அப்போது எங்கள் மாவட்டத்துச் சோளனை உடைத்தும், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு சேர்த்தும் கணக்காகக் கலக்கலாம். முட்டையிடும் கோழிக்கான லேயர் தீன் மிஞ்சிக் கிடக்கிறது என்று குஞ்சுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்; முட்டை ஓட்டுக்காக அதில் நான்கு சதவீதம் வரை கல்சியம் இருக்கும், குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

மருதநிலத்தாள் (கொக்கட்டிச்சோலை)

இன்று 38ஆம் நாள். மொத்தம் 4 இழப்பு. மீதி 36 நிற்கின்றன. மருந்துத் தண்ணீர் தொடங்கி மூன்றாம் நாளே பத்திரிகைத் தாளில் இரத்தம் நின்றுவிட்டது. நோய்ப்பட்டவற்றில் இரண்டு மட்டும் மற்றவற்றைவிடச் சிறிதாக இருக்கின்றன. ஸ்டார்ட்டரைக் கலப்பில்லாமல் கொடுக்கிறேன். கொட்டில் நெருக்கமாகத் தெரிகிறது. ஒரு குஞ்சுக்கு ஒரு சதுர அடிதான் வரும். எப்போது க்ரோவருக்கு மாற்றுவது, எப்போது வளவில் விடுவது?

உமிக்கூளம் (செங்கலடி)

ஒரு சதுர அடி எட்டாம் கிழமை வரை போதும். 56ஆம் நாளில் தீனை மாற்றத் தொடங்குங்கள்: மூன்று பங்கு பழையது, ஒரு பங்கு புதியது என்று மூன்று நாள், பின்னர் பாதிக்குப் பாதி மூன்று நாள், பிறகு முழுவதும் க்ரோவர். அந்தக் கிழமையில் கொட்டிலை மாற்ற வேண்டாம், வெளியில் விடவும் வேண்டாம். இரண்டு கிழமை கழித்து, வெயில் எறித்து நிலம் காய்ந்த நாளொன்று பார்த்து, ஊர்க்கோழிகள் படுக்கும் பக்கத்தைத் தவிர்த்து, பின்னேரம் ஒரு மணித்தியாலம் திறந்துவிடுங்கள். அந்தச் சிறிய இரண்டையும் கடைசியாக விடுங்கள்.